உள்ளங்கையில் ஒரு சொட்டு

பிப்ரவரி 11, செவ்வாய்

பீன்ஸ் தீய்ந்துவிட்டது. இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சின்னத் தீயில் வைத்தால் ஆவியிலேயே வெந்துவிடும், பச்சை நிறமும் போகாது என்று மனைவி சொன்னாள். தண்ணீர் தெளித்தேன். மூடியும் போட்டேன். தீயைக் குறைப்பதைத்தான் மறந்தேன். பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

இவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. இதயம் களைத்துப்போயிருக்கிறதாம். நீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. காலில் வீக்கம், மூச்சிரைப்பு எல்லாம் அதனால்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உப்பு உள்ள போச்சுன்னா தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். இன்னொரு தடவை நீர் கோத்துக்கிட்டா எங்களால பெருசா ஒண்ணும் செய்ய முடியாதுங்க." ஆகவே இனிமேல் சமையல் என் கையில். உப்பு ஜாடியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். இவளுக்கு இல்லாத உப்பு எனக்கு மட்டும் எதற்கு?

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். அங்கிருந்தபடியே அதிகாரம் தூள் பறக்கிறது. என் பீன்ஸைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்க சமையலைச் சாப்பிட்டா உப்பு மேல மட்டுமில்ல, உலகத்து மேலயே ஆசை விட்டுப்போயிடும்."

பிப்ரவரி 14

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு பழக்கம். இவள் சமைக்கும்போது தான் ருசி பார்க்க மாட்டாள். கரண்டியோடு என் முன்னால் வந்து நிற்பாள். "என்னங்க, உப்பு பாருங்க." நான் உள்ளங்கையை நீட்டுவேன். ஒரு சொட்டு விழும். நக்கிவிட்டு, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே "சரியா இருக்கு" என்பேன். கரித்த நாளும் உண்டு, சப்பென்றிருந்த நாளும் உண்டு. எல்லா நாளும் அதே பதில்தான். மகள் சின்னவளாக இருந்தபோது அவளும் ஓடிவந்து கையை நீட்டுவாள். இப்போது புருஷனோடு வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் போன் செய்து, "அப்பா, என்ன சமைச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் சிரித்துவிடுகிறாள்.

இன்று நான் கரண்டியோடு போய் இவள் முன்னால் நின்றேன். "அம்மா தாயே, உப்பு பாரு."

"போடாத உப்பை என்னத்தைப் பாக்கறது?" என்றாள். ஆனாலும் கையை நீட்டினாள். நக்கினாள். யோசித்தாள். "சரியா இருக்கு."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரிக்க வைத்தது தப்போ என்று பயந்துபோனேன்.

பிப்ரவரி 19

இன்று கடைக்கு வந்த ஓர் அம்மாளிடம் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னால், "நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது" என்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் நின்றவனிடமா? தெரியாதவர்கள் முதலில் கண்ணைக் கொஞ்சம் இடுக்குவார்கள். அப்புறம் தேவையில்லாமல் சிரிப்பார்கள். வேறு லென்ஸ் போட்டதும் முகமே மலர்ந்துவிட்டது. மனுஷன் பொய் சொன்னால் எனக்குக் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

முதலாளி சொல்கிறார், நான் துடைத்துக் கொடுக்கும் லென்ஸிலெல்லாம் பூண்டு வாசனையாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கை கொஞ்சம் பழகிவிட்டது. உப்பு இல்லாத இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும், அதுதான் சூட்சுமம். சீரகத்தை வெறும் சட்டியில் வறுக்கிறேன். வாசனை வந்த உடனேயே தட்டில் கொட்டிவிட வேண்டும், சட்டிச் சூட்டிலேயே விட்டால் கருகிக் கசந்துவிடும். வெங்காயத்தை அவசரப்படாமல் வதக்கினால் தித்திப்பு இறங்குகிறது. எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகு. பூசணிக்காயைத் தோலோடு சுட்டு, மிளகு தூவினால் எனக்கே பிடித்திருக்கிறது. நானா இதையெல்லாம் எழுதுகிறேன்? வெந்நீர் வைக்கச் சொன்னாலும் கோபப்பட்டவன்.

கால் வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது. இன்று கொலுசு போட்டுக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 2

பருப்புதான் என்னிடம் மல்லுக்கு நிற்கிறது. உப்பில்லாத குறை தெரியாமலிருக்க நாலைந்து தக்காளியை அரிந்து பருப்போடு சேர்த்தே வேக வைக்கிறேன். ருசி நன்றாக வருகிறது. ஆனால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. இவளுக்கோ கடைவாய்ப் பல் இல்லை. முணுமுணுக்காமல் அப்படியே விழுங்குகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 4

முதலாளி வழி சொன்னார். "ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்க. பருப்பு வெண்ணெயா வெந்துடும்." அவர் சாப்பாட்டு விஷயத்தில் பெரிய ஆள். போட்டேன். சிட்டிகை போதவில்லை, ஒரு ஸ்பூன் போட்டேன். வெண்ணெய்தான்!

மார்ச் 9

"இன்னைக்குத்தாங்க பருப்பு பருப்பா இருக்கு. நாளைக்கும் இதே மாதிரி செய்யுங்க" என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது இரண்டு வேளையும் பருப்புதான். கொண்டைக்கடலை, காராமணி எல்லாமே என்னிடம் அடிபணிந்துவிட்டன. மகளிடம் போனில் பீற்றிக்கொண்டேன். "அப்பா, நீங்க ஓட்டலே வெச்சிடலாம்" என்றாள்.

மார்ச் 16

கொலுசு ஏறவில்லை. காலை அழுத்தினால் விரல் பதிகிறது.

மார்ச் 18

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

முகமும் ஊதியிருக்கிறது. ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறாள். வீட்டில் ஒரு கல் உப்பு கிடையாது. நான் சமைப்பதில் கிடையாது. அப்படியானால் எங்கிருந்து வருகிறது? பக்கத்து வீட்டு அக்கா நான் கடைக்குப் போன பிறகு பேசிக்கொண்டிருக்க வருகிறாள். ஊறுகாய் கொண்டுவந்து கொடுக்கிறாளா? அலமாரியெல்லாம் தேடினேன். தலையணை உறைக்குள் தேடினேன். அப்புறம் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"என்னத்தைங்க?"

"நடிக்காத. ஊறுகாயா, உப்பா? யார் குடுத்தா? நான் இங்க அடுப்புல வேகறேன், நீ திருட்டுத்தனமா தின்னுக்கிட்டு இருக்க. செத்துப்போகணும்னு ஆசையா?"

"சத்தியமா இல்லங்க."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பொய் மாட்டிக்கொண்டதால் அழுகிறாள் என்று நினைத்தேன். அப்படியே சொல்லவும் செய்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள். நான் வைத்த பருப்பை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

மார்ச் 19

மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரி.

மார்ச் 21

உணவு ஆலோசகர் என்று ஓர் அம்மா வந்தார்கள். சின்ன வயதுதான். அடுப்படியில் செய்வதையெல்லாம் சொல்லுங்கள் என்றார்கள். நான் வீறாப்பாகச் சொன்னேன், ஆவியில் வேக வைப்பது, சீரகம், எலுமிச்சை, எல்லாவற்றையும். அவர்கள் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். பருப்பைச் சொன்னேன். சோடாவைச் சொன்னேன். பேனா நின்றுவிட்டது.

"தினமும் போட்டீங்களா ஐயா?"

"ரெண்டு வேளையும்."

அவர்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்கள், உப்பில் எது தண்ணீரைப் பிடித்து வைக்கிறதோ அதே பொருள் சோடாவிலும் இருக்கிறதாம். கரிக்காது, அதனால் நாக்குக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். தக்காளிப் புளிப்பால்தான் பருப்பு வேகவில்லையாம். ஊற வைத்து, தனியாக வேகவிட்டு, வெந்த பிறகு தக்காளியை வதக்கிச் சேர்த்திருந்தால் சோடாவே வேண்டியிருந்திருக்காதாம்.

இவ்வளவுதானா? இவ்வளவுதானா விஷயம்?

டாக்டர், "இதனால மட்டும்தான்னு சொல்ல முடியாதுங்க, இதயம் ஏற்கெனவே ரொம்பக் களைச்சிருக்கு" என்றார். நல்ல மனுஷன். ஆனால் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டது யாரு? நான்தானே? போட்டுட்டு அவளையே திருடின்னேனே. தலையணைக்குள்ள தேடினேனே. பாவி.

மார்ச் 22

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூக்கில் குழாயோடு என் தலையைத் தடவினாள். அப்புறம், "நல்லா வெந்த பருப்பு போட்டீங்க. அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா என்னைத் திருடின்னீங்க பாருங்க, அதுக்கு மன்னிப்பு கேளுங்க."

கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

கேட்டேன். நர்ஸ் கூடச் சிரித்துவிட்டாள்.

மார்ச் 28

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தாலும் வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் சொன்னாள்: "என் நாற்காலி எங்க?"

மார்ச் 30, ஞாயிறு

முந்தின நாளே ஊற வைத்தேன். தனியாக வேக வைத்தேன். நேரமானது, நானும் பக்கத்திலேயே நின்றேன். தக்காளியைத் தனியே வதக்கிக் கடைசியில் சேர்த்தேன். பருப்பு மலர்ந்து வெந்திருந்தது. சோடா இல்லாமலே.

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கினாள். கண்ணைக் கொஞ்சம் இடுக்கினாள், சிரித்தாள். "சரியா இருக்கு." அவளுக்கு இப்போது எதுவுமே ருசிக்கவில்லை. இந்தப் பொய் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

ஏப்ரல் 6

மூன்று வாய் கஞ்சி. சட்டியில் வறுத்த சீரகத்தை முகர்ந்து பார்க்க மட்டும் கேட்டாள். கொடுத்தேன்.

ஏப்ரல் 10

மகள் வந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். அடுப்பை அவளிடம் விட மனம் வரவில்லை. "அப்பா, நான் செய்யறேனே" என்றாள். நான் விடவில்லை. கடிந்துகூடப் பேசிவிட்டேன். பிறகு இரண்டு பேரும் வெங்காயம் அரிந்தோம், அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

ஏப்ரல் 13

இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தாள். நான் நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"உப்பு பாக்கச் சொல்லும்போதெல்லாம் நான் சும்மாதான் சரியா இருக்குன்னு சொன்னேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? உப்பே போட மறந்த அன்னைக்கும் அதைத்தானே சொன்னீங்க."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்ட?"

"உப்புக்கா கூப்பிட்டேன்?" என்றாள். "நாளெல்லாம் ஊரார் கண்ணைப் பாக்கற மனுஷன், ஒரு நிமிஷம் பேப்பரை விட்டுட்டு என்னையும் நிமிந்து பாப்பீங்கன்னுதான்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "போதும், வெக்கமா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 17

காலையில் போய்விட்டாள். நாற்காலியில்தான். கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை.

மே 3

பக்கத்து வீட்டு அக்கா உப்பு ஜாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார். இவரைத்தான் ஊறுகாய் கொடுத்தார் என்று சந்தேகப்பட்டேன்.

ஜாடியைத் திறக்கவில்லை. கேரட்டை ஆவியில் வைத்தேன். சின்னத் தீ. தீயவில்லை. நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன், "பாத்தியா?" என்று.

ஜூன் 8, ஞாயிறு

நான் மகள் வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் ஆகிறது. மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து பருப்பு வாசனை.

மகள் கரண்டியோடு வந்து நின்றாள். "அப்பா, உப்பு பாருங்க."

என்னையறியாமல் கை நீண்டுவிட்டது. ஒரு சொட்டு விழுந்தது. நக்கினேன். கரித்தது. அப்படிக் கரித்தது. அவள் எல்லோரையும் போல அளவாகத்தான் போட்டிருப்பாள், என் நாக்குத்தான் அவள் அம்மாவுடையதாக மாறிவிட்டது. இனி எனக்கு எந்த வீட்டுச் சாப்பாடும் கரிக்கும்.

பேப்பரைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. அம்மாவின் மூக்கு. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நன்றாகப் பார்த்த பிறகு சொன்னேன்:

"சரியா இருக்கும்மா."