மேலவீட்டு வண்டிக்கு என் வீல்

பிப்ரவரி 1, ஞாயிறு

காலை ஆறரை. நல்ல பனி. கொல்லையில் சாக்கு விரித்து, நான்கு அலாய் வீல்களையும் படுக்கப் போட்டு இரண்டாவது கோட் பெயிண்ட். கருஞ்சாம்பல் நிறம். முதல் கோட்டில் ஒரு கொசு ஒட்டிச் செத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்ததில் விரல் ரேகை போய்விட்டது. பரவாயில்லை. நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் ரேகை வைக்கும் மெஷின் எப்படியும் என்னை அடையாளம் கண்டதில்லை.

மதுரையில் யாரோ கழற்றிப் போட்ட வீல்கள். பாண்டி பிடித்துக் கொடுத்தான். அருப்புக்கோட்டையில் டயர் கடையில் வேலை பார்ப்பவன், பத்தாம் வகுப்பில் என் கணக்குப் பேப்பரைப் பார்த்து எழுதியவன். இனி பா. முழுப்பெயர் எழுதினால் தலைக்கனம் ஏறிவிடும்.

வண்டி வந்து மூன்று வாரம். சிவப்பு. பன்னிரண்டு வயது. ஓட்டம் குறைவு. ஒரே ஓனர். அந்த ஒரே ஓனர்தான் வீட்டில் விவகாரம். எங்கள் ஊர் மேலவீட்டார் வைத்திருந்த வண்டி. அப்பா அவர்கள் புஞ்சைக் காட்டில் இருபது வருடம் வேலை பார்த்தவர். வண்டி கழுவுவதும் அந்த வேலையில் அடக்கம். இப்போது அவர்கள் மதுரையோடு போய்விட்டார்கள். அப்பா டவுனில் பருப்பு மில்லில். வண்டி என்னிடம். எனக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி, நிழலில் நிறுத்திய வண்டி. தேடினாலும் இப்படிக் கிடைக்காது.

அப்பாவுக்குச் சங்கடம் இருக்கிறது. வண்டி வாசலுக்கு வந்த அன்று அம்மா சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, "டயருக்கு எலுமிச்சம்பழம் வைங்க" என்றாள். அப்பா, "இந்த வண்டிக்கு வச்சாச்சு" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏதோ சொல்லித் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். இன்றுவரை வண்டியில் ஏறவில்லை.

பெயிண்ட் காய்கிறது. பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டுவதே பாதி வேலை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஜெனரல் ஷிப்ட். நூல் சோதனை லேபில் நாள் முழுக்க ஒரே தும்மல், பஞ்சு அப்படி.

காலையில் ஸ்டாப்பில் அப்பா ஷேர் ஆட்டோவுக்கு நின்றார். நானும் டவுனுக்குத்தான் போகிறேன். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"ஏறுங்கப்பா."

"நீ போ தாயி. ஆட்டோக்காரன் எனக்காகக் காத்துக் கெடப்பான்."

ஆட்டோவில் பதினோரு பேர். அப்பா பன்னிரண்டாவது. பாதி உடம்பு வெளியே. அதன் பின்னாலேயே நான் காலியான வண்டியில் போனேன். கோபம் வந்தது. ஹாரன் அடித்து முந்திப் போனேன். அடித்திருக்க வேண்டாம்.

இந்த வாரம் என் வண்டியை 'மேலவீட்டுக் காரு' என்று சொன்னவர்கள்: பால்காரர். ரேஷன் கடையில் அக்கா. சின்னம்மா (சொந்தச் சின்னம்மா!). பஞ்சர் கடை அண்ணன். "மேலவீட்டுக் காரு வருது, வழிய விடுங்கப்பா" என்று ஆடு மேய்க்கிறவர் ஒருவர். ஆட்டைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஆர்.சி. புக்கில் என் பெயர்தான். மாரீஸ்வரி. அதை ஊருக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்க முடியாது. வீல் மாட்டலாம்.

பிப்ரவரி 5, வியாழன்

மாட்டியாச்சு!!

மதியத்துக்கு மேல் லீவு. டயர் கடையில் பா.வும் நானும். நட்டு ஒவ்வொன்றும் நானே முடுக்கினேன். "நான் போட்டுத் தாரேன்னா கேக்க மாட்டியா" என்று பா. புலம்பல். மாட்டேன்.

அளந்தவை: வீலின் அகலம். டயருக்கும் மட்காடு விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, நான்கு பக்கமும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு மறுபடியும். அளப்பதுதானே என் பிழைப்பு. நூலில் ஒரு சின்னத் தடிப்பு இருந்தால்கூடக் கண்டுபிடித்து விடுவேன். எல்லாம் சரி. டயர் பழையதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. அந்தத் தள்ளல்தான் அழகு.

ஓட்டிப் பார்த்தது: பைபாஸில் பா.வும் நானும். பா. ஐம்பத்து மூன்று கிலோ. சோறு தின்ற பிறகு. ஒரு சத்தம் இல்லை.

பழைய இரும்பு வீல் நான்கும் டிக்கியில் வீட்டுக்கு. மாட்டுக் கொட்டத்தில் அடுக்கி வைத்தேன்.

அப்பா வேலை முடிந்து வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பின் வீல் பக்கம் குனிந்து, துண்டால் ஒரு தூசியைத் தட்டினார். பிறகு குளிக்கப் போனார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

குமாரலிங்கபுரம் பக்கம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பொட்டல் வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். ஆறு கார்கள். எல்லாம் பழசு. எல்லாவற்றிலும் சொந்தக்காரன் கைவேலை. ஒருவன் சீட் கவரைத் தானே தைத்திருந்தான், தையல்காரர் மகன். ஒருவன் சைலன்சரில் ஏதோ செய்து வைத்திருந்தான், நாய்கள் ஓடின.

புதிதாக வந்த ஒருவன் என்னிடம், "வண்டி ஓட்டிட்டு வந்த அண்ணன் எங்கக்கா?"

பா. தரையில் உட்கார்ந்து சிரித்தான். நான் சாவியைச் சுழற்றிக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறகு அரைமணி நேரம் வீல் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தப் பெயிண்ட், எத்தனை கோட், எந்த உப்புத்தாள் என்று நோட்டில் எழுதிக்கொண்டான். நல்ல பையன்தான்.

திரும்பும்போது ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள், போகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று. என் புது வீலிலும் கொடி சுற்றிக்கொண்டது. இறங்கி, கையால் உருவி எடுக்கப் பத்து நிமிடம். உளுந்துக்காரப் பெரியம்மா: "நல்லா மிதிச்சுக் குடுத்த தாயி, இன்னொரு சுத்து வந்துட்டுப் போ."

இதுதான் முக்கியம். ஊர் டீக்கடை. கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே இருந்து ஒரு குரல்: "மேலவீட்டுக் காரு மாதிரி இருக்கு." இன்னொன்று: "இல்லலே, வீலப் பாரு. மாரி வண்டி."

மாரி வண்டி. வீடு வரை வாயை மூட முடியவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. பனியும் வெயிலும் ஒரே நாளில்.

ஞாயிறு சிவராத்திரி. குலசாமி கும்பிடப் போக வேண்டும். திருச்சுழி தாண்டி கண்மாய்க் கரையில் எங்கள் அய்யனார். வருடா வருடம் குட்டியானை லோடு வண்டியில் மொத்தச் சொந்தமும் நின்றுகொண்டே போகும். இந்த வருடம் அத்தையும் சின்னம்மாவும் காரில் இடம் பிடித்தாகிவிட்டது. அத்தை அப்பாவின் அக்கா. வாட்டசாட்டமான ஆள். "நான் ஜன்னல் பக்கம்" என்று இப்போதே.

அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். "நான் பஸ்ஸுல வாரேன், நீங்க போங்க" என்றாராம்.

சாமி கும்பிட அப்பா பஸ்ஸில், நாங்கள் காரில். அப்படி ஒரு நாள் வரக்கூடாது. வேண்டுமானால் நானும் பஸ்ஸில் போவேன், வண்டி வாசலில் நிற்கட்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதுவிட்டேன். சின்ன அழுகைதான்.

பிப்ரவரி 11, புதன்

அம்மா காலையில் சட்னி அரைத்துக்கொண்டே: "ஒங்கப்பா முன்சீட்டுல காலு நீட்ட எடம் இருக்குமானு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தாராளமா இருக்கும்னேன். சரி வாரேன்னுட்டாரு."

சட்னியில் உப்பே இல்லை. மூன்று தோசை கூடச் சாப்பிட்டேன்.

அப்பா டீக்கடையில் வீலைப் பற்றி நாலு பேரிடம் பேசினாராம். பால்காரர் சொன்னார். "எம்மவளே பெயிண்டு அடிச்சா"னு சொன்னாராம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இந்த மனிதரை என்ன செய்வது.

பிப்ரவரி 12, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

அத்தைக்குத் திருச்சுழி தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழ் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று லீவு போட்டுக் கூட்டிப் போனேன். பின்சீட்டில் அத்தை, அம்மா, சின்னம்மா. டிக்கியில் பொங்கப்பானை, அரிசிச் சிப்பம், விறகு. அதையும் ஏற்றித்தான் பார்ப்போமே என்று.

முதல் பாலத்தில் இறங்கும்போது சர்ர்ர் என்று ஒரு சத்தம். கல் என்று நினைத்தேன். அடுத்த பள்ளத்தில் மறுபடி. ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் வலது பின் டயர் மட்காடு விளிம்பில் உரசியிருக்கிறது. அகலமான வீல், வெளியே தள்ளிய டயர், பின்னால் மூன்று பேர் பாரம், பின்பக்கம் அப்படியே அமுங்கிவிட்டது. அத்தை பக்கம்.

"என்னடி சத்தம்?"

"டயர் உரசுது அத்தை."

"என் வெயிட்டச் சொல்றியா?"

"இல்ல அத்தை, ரோடு."

"ரோட்டுல ஓராயிரம் வண்டி போகுது, ஒன் வண்டிக்குத்தான் ரோடு சரியில்லையாக்கும்."

இருபது கிலோமீட்டர் வேகத்தில் திருச்சுழி. சைக்கிள்காரர் ஒருவர் முந்திப் போனார். சின்னம்மா அவருக்குக் கை காட்டினாள்.

இடைவெளியை நான்கு பக்கமும் அளந்தேன். ஆள் ஏற்றி அளக்கவில்லை. ஐம்பத்து மூன்று கிலோ பாண்டியை வைத்து ஒரு குடும்பத்துக்கு டெஸ்ட் பண்ணியிருக்கிறேன். லேபில் இப்படி ஒரு சாம்பிள் எடுத்தால் நானே திட்டுவேன்.

பா.வுக்குப் போன். "மட்காட்டு உள்விளிம்ப மடக்கணும் மாரி. மிஷினு மதுரையிலதான் இருக்கு. சிவராத்திரி கழிச்சுத்தான் நடக்கும். அதுவரைக்கும் ஆளைக் கொற, இல்ல வீலை மாத்து."

அத்தையிடம் இறங்கு என்று யார் சொல்வது?

பிப்ரவரி 14, சனி

மதியம். நல்ல வெயில். கொட்டத்திலிருந்து இரும்பு வீல்களை உருட்டி வந்தேன். பல்லி முட்டை இரண்டு. தட்டிவிட்டு, கழுவி, மாட்டினேன். பா. அவன் குலசாமிக்குக் காலையிலேயே கிளம்பிவிட்டான், அதனால் தனியாக. ஜாக்கி போட்டு ஒவ்வொன்றாக, ஒன்றரை மணி நேரம்.

முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசல் மேலவீட்டுக் காரு. தெருவில் போன ஒரு பாட்டி அதையே சொல்லிவிட்டும் போனார்.

போகட்டும். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறார். அதற்காக நான்கு வீலையும் கழற்றலாம், தேவைப்பட்டால் கதவையும் கழற்றலாம். எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. அலாய்களைத் துடைத்து, பழைய போர்வை போட்டு மூடி, கொல்லை ஓரத்தில் வைத்தேன். அப்பாவுக்கு இன்று மில்லில் லோடு. வந்ததும் நேரே சாப்பிட்டுப் படுத்துவிட்டார், வண்டியைப் பார்க்கவில்லை.

எடுத்து வைக்க: தேங்காய், சூடம், பச்சரிசி, வெல்லம், தீப்பெட்டி (போன வருடம் மறந்தது), அப்பாவின் கண்ணாடி.

பிப்ரவரி 15, ஞாயிறு. சிவராத்திரி

கோயிலில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொங்கல் இன்னும் பொங்கவில்லை. அம்மா ஊதிக்கொண்டிருக்கிறாள். விறகு ஈரம்.

காலை ஏழு மணிக்கு எல்லோரும் வாசலில். அத்தை ஏற்கெனவே ஜன்னல் பக்கம். அப்பா வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. கையில் ஒரு மஞ்சள் பை. வண்டிப் பக்கம் வந்தார். நின்றார்.

"வீலு எங்க?"

"கழட்டிட்டேன்ப்பா. ஆள் கூட ஏறினா ஒரசுது. இன்னைக்கு மட்டும் இது."

அப்பா பையைத் திறந்தார். உள்ளே நான்கு எலுமிச்சம்பழங்கள். பெரிதாக, ஒரே அளவில். நேற்றே டவுனில் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

"இந்த இரும்பு வீலுக்கு நான் பழம் வச்சிட்டேன் தாயி. அவுக வண்டி எடுத்த அன்னைக்கு, நாலு டயருக்கும் குனிஞ்சு குனிஞ்சு நான்தான் வச்சேன். அவுக ஏறிப் போனாக. நான் நசுங்குன தோல எடுத்துப் போட்டேன்." ஒரு பழத்தை எடுத்துக் காட்டினார். "இது ஒன் வீலுக்கு வாங்குனது. நீ அந்த வீலைப் போட்டுட்டு வா. நான் பஸ்ஸுல போறேன்."

அன்று அவர் தட்டிக் கழிக்கவில்லை. நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். ஐந்து வாரமாக எனக்குப் புரியவில்லை.

அத்தைதான் கதவைத் திறந்து இறங்கினாள். "நான் குட்டியானையிலயே வாரேன்ப்பா. காருக்குள்ள காத்தே வரல. ஏ தங்கச்சி, நீயும் எறங்கு. அந்தப் பானையத் தூக்கு." சின்னம்மா முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் இறங்கினாள். அத்தைக்கு ஒரு நல்ல சேலை எடுத்துத் தர வேண்டும். எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது.

ஜாக்கியை நான் எடுக்கப் போனேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிக்கு அடியில் எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ சரியாக அங்கே வைத்துவிட்டார். அவருக்குத் தெரியாதா அந்த வண்டியை. அவர் தூக்கினார், நான் கழற்றினேன், அவர் வீலை உருட்டினார், நான் முடுக்கினேன். நாற்பது நிமிடம். சலவைச் சட்டையில் மசி. அம்மா திட்டவில்லை, அதுவே அதிசயம்.

பழங்களை நான் வைக்கிறேன் என்றேன். "நீ போய் உள்ள உக்காரு" என்றார். நான்கு டயருக்கும் அவரே வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலை நீட்டிப் பார்த்தார். சீட் பெல்ட்டை இழுத்து நானே மாட்டிவிட்டேன்.

"எடு தாயி."

முதல் கியர். நான்கு பழமும் நசுங்கிய சத்தம் கேட்டது.

திருச்சுழி நெருங்கும்போது ஆட்டுக் கூட்டம் குறுக்கே. நிறுத்தினேன். மேய்க்கிறவர் குனிந்து எட்டிப் பார்த்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர் போல. "என்னப்பா, காருல வார? யாரு வண்டி?"

அப்பா கண்ணாடியை இறக்கினார். எந்தப் பொத்தான் என்று நான் சொல்லவில்லை.

"எம்மவ வண்டி. வீலப் பாரு."

அங்கிருந்து கோயில் வரை ஐந்து பள்ளம், இரண்டு பாலம். வலது பின் டயர் ஒரு இடத்திலும் உரசவில்லை.

பொங்கிவிட்டது, கூப்பிடுகிறார்கள்.