இராகுகாலத்தில் போன பாட்டு

அனுப்புநர்:
ஏ. மயில்வாகனம்,
(குருநாகலில் கடை நடத்தி ஓய்ந்தவர்)
சுருவில், ஊர்காவற்றுறை.

பெறுநர்:
தகவல் அதிகாரி அவர்கள்,
அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயம்,
கொழும்பு.

பொருள்: மகன் பாடிய பாட்டைத் தாய் கேட்க முடியாமற் போனமை.
எதிராளி: மேற்படி மயில்வாகனமே.

கனம் ஐயா,

1. எனது மகன் பரராசசிங்கம் தங்கள் நாட்டுப் புலமைப்பரிசில் பெற்று மெல்போணில் பொறியியல் படிக்கிறான். படிப்பைத் தவிர வேறொன்றும் அவனுக்குத் தெரியாதென்றே நானும் ஊருக்குச் சொல்லி வந்தேன். சென்ற மாதம் எழுதிய கடிதத்தில், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றுக்குத் தெரிவாகியிருப்பதாகவும், ஞாயிறு மாலை எங்கள் நேரம் ஐந்தரைக்கு அது தங்கள் வானொலியின் வெளிநாட்டு ஒலிபரப்பிலும் ஒலிக்கும் என்றும் அறிவித்திருந்தான். உங்கள் நாட்டு ஆட்டிடையர் பாட்டொன்றைப் பாடி, முடிவில் அம்மா சுளகு புடைக்கும்போது பாடும் இரண்டு அடிகளைச் சேர்ப்பானாம்.

2. தொலைக்காட்சிப் பெட்டியை இவ்வூரில் எவரும் கண்டதில்லை. வானொலியிலாவது என் பெருமையை ஊர் கேட்கட்டும் என்று அம்புறோஸ் என்பவரின் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்துப் பனைமரத்தில் கட்டுவித்தேன். வானொலிக்கு முன்னால் நிறைகுடமும் வைத்தேன். மாப்பிள்ளையே வருவதுபோல் ஊர் திரண்டது.

3. ஞாயிறு மாலை ஆறு மணிவரை இராகுகாலம். பிள்ளையின் முதற்பாட்டை அந்த நேரத்தில் தொடக்கிவைக்க என் மனம் ஒப்பவில்லை. "அண்ணை, திறப்பம். பாட்டு எங்களுக்காக நிண்டு காத்திராது" என்று அம்புறோஸ் கெஞ்சினார். நான் வானொலியின் திருகைத் தொடவிடவில்லை. எனக்கு அவ்வளவு ஞானம்.

4. இராகுகாலம் கழிந்ததும் கற்பூரம் கொளுத்தி, நானே திறந்தேன். ஆட்டுரோமத்தின் சந்தை விலையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதுதான் பாட்டுக்கு முகவுரை என்று நினைத்து அயலவர் ஆழ்வாப்பிள்ளை கைதட்டினார். எனக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் தலையை ஆட்டித் தாளம் போட்டேன்.

5. என் மனைவி மீனலோசனி மட்டும் எழுந்து வந்து, "பிள்ளை அங்கை தொடங்கின பாட்டுக்கு இஞ்சை ஆர் உங்களை நேரம் பாக்கச் சொன்னது?" என்று கேட்டாள். நான் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

6. மகன் போய் மூன்று வருடமாகிறது. அவன் குரலைக் கேட்கவென்று அவள் அன்று கூறைச்சேலை உடுத்தியிருந்தாள்.

ஆகையால், அப்பாட்டைப் பதிவுநாடாவில் எடுப்பித்தோ, இன்னொருமுறை ஒலிபரப்புவித்தோ உதவும்படி பணிந்து கேட்கிறேன். இடையர் பாட்டை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள். கடைசி இரண்டு அடி போதும். அந்த அடிகள் எவையென்று தாங்கள் கேட்டால் எழுத எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் என் வீட்டுக் குசினியில் பாடப்பட்ட பாட்டு. நான் ஒருநாளும் காதுகொடுத்ததில்லை. இப்போது அவள் சுளகை வாய்திறவாமல் புடைக்கிறாள். வேறு வழியின்றி அயல்நாட்டு அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் தயவை நம்பியிருக்கும்,
ஏ. மயில்வாகனம்
(மனுதாரரும் எதிராளியும்)

சுருவில்,
24.09.1971