ஒடுக்கு விழுந்த கண்டெய்னர்

அன்புத் தோழிக்கு,

நேற்று அலுவலக அலமாரியை ஒழித்தபோது ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. திறந்ததும் படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை. உள்ளே, துறைமுகத்தில் நாம் எடுத்த கண்டெய்னர் படங்கள். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த வாடை உன்னை என் எதிரே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. முனைவர் பட்டம் முடித்த கையோடு இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். லாரியில் வரும் கண்டெய்னரின் எண்ணைக் கேமரா வழியாகக் கணினி தானே படிக்க வேண்டும். அதற்கு என் வழி ஒன்று, உன் வழி வேறு. ஆண்டு முடிவில் ஒருவருக்குத்தான் நீட்டிப்பு என்றார்கள். என் புரோகிராம் பத்தில் ஒன்பது எண்களைச் சரியாகப் படித்தது. வேலை எனக்குத்தான் என்று நாங்கள் குடியிருந்த ஈசூன் அடுக்குமாடி புளோக் முழுக்க அம்மா சொல்லிவைத்துவிட்டார்.

நேர்முகத்துக்கு நான்கு நாள் முன்பு, தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில், என் புரோட்டாத் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு படங்களை வைத்தாய்.

“இந்த ஒடுக்கைப் பாரு. ரெண்டும் ஒரே கண்டெய்னர். ஒண்ணு நீ கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்த கட்டுல இருக்கு, இன்னொண்ணு டெஸ்ட் வச்ச கட்டுல. இது மாதிரி நிறைய இருக்கு லா. அது படிக்கல, ஒப்பிக்குது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்கு அந்த வேலை வேணும். அதானே?”

“வேணும்தான். ரொம்ப வேணும். சொல்லாம வாங்கினா அப்புறம் உன்கிட்ட எப்படிப் பேசறது?”

எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இரண்டு கட்டிலும் வந்த கண்டெய்னர் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒன்பது ஏழாக இறங்கியது. உன்னுடையது ஏழரை.

நேர்முகத்தில் ஏழு என்றே சொன்னேன், ஒன்பது ஏன் இறங்கியது என்பதையும் சொன்னேன். “யார் கண்டுபிடித்தது?” என்று கேட்டார்கள். “வெளியே உட்கார்ந்திருக்கிறாளே, அடுத்தவள், அவள்தான்.”

வேலை உனக்குக் கிடைத்தது. உங்கள் தேவாலயத்தில் நடந்த நன்றிப் பூசைக்குக் கூப்பிட்டாய், நான் வரவில்லை. பொறாமைதான், மறைப்பானேன். ஒரு மாதம் கழித்து நீயே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மழையில ஒண்ணுமே படிக்க மாட்டேங்குது. ஒரு ஆள் பத்தாதுன்னு சண்டை போட்டு உனக்கும் ஒரு இடம் வாங்கிட்டேன். திங்கட்கிழமை வந்துடு.”

போனேன். உன் வழியையும் என் வழியையும் சேர்த்துக் கட்டினோம். எட்டு மாதத்தில், கொட்டும் மழையில், பத்தில் ஒன்பது. இந்த ஒன்பதை நீ மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் சிரித்தாய்.

இப்போது நேர்முகத்தில் கேள்வி கேட்கும் பக்கம் நான் இருக்கிறேன். வருகிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன்: “உங்கள் முடிவு எங்கே தப்பாகப் போகலாம்?” முக்கால்வாசிப் பேர் விழிக்கிறார்கள். போன வாரம் வந்த பெண் கால் மணி நேரம் விடாமல் தன் தப்புகளை அடுக்கினாள்.

அவளை வேலைக்கு எடுத்துவிட்டேன்.