சிமெண்ட்டுக்கும் பட்டாணிக்கும் நடந்த போர்

மார்ச் 3
இந்தக் குளிர் ஊரில், தங்கை வீட்டுக்குப் பின்னால், மண்வெட்டியின் முதல் வெட்டை இறக்கினேன். பூமி அதிர்ந்தது. தெருமுனை வரை ஜன்னல்கள் நடுங்கியிருக்கும். நடுங்கியது என் இடுப்புதான் என்கிறாள் தங்கை. பொறாமை.

நிலம் என்றால் ஒரு கார் நிற்கும் அளவு. அங்கேதான் சிக்கல். தெருவில் நிற்கும் தன் காரை அங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளையின், அதாவது தங்கை வீட்டுக்காரரின், ஆசை.

"மச்சான், மாசக் கடைசியில சிமெண்ட் போடக் கொத்தனார் வர்றார். அதுக்குள்ள ஒரு வரிசை பச்சையாக் காட்டுங்க, மண்ணு உங்களுக்கு. இல்லேன்னா எனக்கு."

"வரிசையா? காடே காட்டுறேன். புலி வந்தா நீங்கதான் பாத்துக்கணும், மாப்பிள்ளை."

மார்ச் 4
எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே ஆட்சி.

மார்ச் 7
கல் பொறுக்கினேன். தோண்டத் தோண்ட உடைந்த ஓடு, பொம்மைச் சக்கரம், ஒரு எவர்சில்வர் ஸ்பூன். தங்கை அதைத் தூக்கிப் பிடித்தாள். "இதைத் தொலைச்சிட்டேன்னு என்னை ஒரு வாரம் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?" மாப்பிள்ளை செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

மாலையில் எருவைக் கலந்தேன். அக்கம்பக்கத்தில் எல்லா ஜன்னலும் சாத்திக்கொண்டன. மரியாதை!

மார்ச் 9
விதைக்கடைக்காரரிடம், "குளிருக்கு அசையாத ஒரு வீரனைக் குடுங்க" என்றேன். பட்டாணியை நீட்டினார். "இது பனியிலயும் நிக்கும் சார். மத்ததையெல்லாம் இப்பப் போட்டுடாதீங்க."

கயிறு கட்டி விதைத்தேன். பேருந்து ஓட்டிய காலத்தில்கூட நான் இவ்வளவு நேராகப் போனதில்லை.

மார்ச் 12
அந்த ஸ்பூனால் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 13
தோண்டிப் பார்த்தேன். விதை சற்று உப்பியிருக்கிறது. திரும்பப் புதைத்தேன்.

மார்ச் 15
கையும் ஸ்பூனுமாகப் பிடிபட்டேன்.

"ஏண்ணா, தூங்குற குழந்தையை எழுப்பி, தூங்கிட்டியான்னு கேப்பியா நீ?"

ராஜாங்கத் தணிக்கை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஸ்பூன் இப்போது பீரோவில், பூட்டோடு.

மார்ச் 20
ஒரு பச்சையும் இல்லை.

இன்றைக்குப் பெருமையடிக்க மனசு வரல. நல்லாத்தான் வச்சிருக்காங்க — நேரத்துக்குச் சாப்பாடு, மெத்தை, கம்பளி. ஆனா வேலையை விட்டு இங்க வந்ததுலேருந்து நான் விருந்தாளிதானே? எனக்குன்னு ஒரு இடம்... கார் நிக்கிற அளவு போதும். அதையும் நானே நோண்டி நோண்டிக் கெடுத்துட்டேனா?

மார்ச் 24
முளைத்துவிட்டது! மேகத்தை முட்டுகிறது என் காடு! (விரல் நகத்தின் உயரம்.) பறவைகள் வழிதவறித் தவிக்கின்றன!

மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முட்டி போட்டுப் பார்த்தார்.

"பாதி வரிசைதான் இருக்கு மச்சான்."

உண்மை. ஸ்பூன் படாத பாதி.

"ஒரு வரிசைன்னுதானே பேச்சு?"

முளைகளை மூன்று முறை எண்ணினேன். எண்ணிக்கை ஏறவில்லை.

மார்ச் 27
நாளைக் காலை கொத்தனார். இன்றிரவு கடும் உறைபனி என்று வானொலி சொல்கிறது. மாப்பிள்ளை அதை இரண்டாம் தடவையும் கேட்டார். கார்மேல் அவ்வளவு கவலை. என் அரை வரிசை வீரர்களுக்குப் பனி ஒரு பொருட்டா? பனியில் நிற்கத்தானே அவர்களை வாங்கினேன். சிமெண்ட் விழும்வரை நிமிர்ந்து நிற்பார்கள்.

மார்ச் 28
காலையில் வாசலுக்கு வந்தால், கார், இரவில் போர்த்தும் உறையில்லாமல் வெள்ளை வெளேரென்று உறைந்து நிற்கிறது. மாப்பிள்ளை ஒரு அட்டையால் அதன் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் ஓடினேன். கார் உறை என் அரை வரிசையின்மேல்! செடி நசுங்காதபடி கீழே குச்சிகள், பறக்காதபடி நான்கு மூலையிலும் செங்கல். மெல்லத் தூக்கினேன். அத்தனையும் நிமிர்ந்து நின்றன. என்னைப் போலவே.

திரும்பி வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொத்தனாரை வர வேணாம்னுட்டேன். அந்த மீதிப் பாதியில என்ன போடப் போறீங்க?"

"அதுலயும் பட்டாணிதான்." அட்டையை வாங்கி நானும் சுரண்டினேன். "நல்ல வேளை, நீங்க மூடினீங்க மாப்பிள்ளை. இல்லேன்னா எல்லாம் போயிருக்கும்."

அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது இதுதான்.