ஹனா வைத்திருந்த தாள்

என் பிரியமான மிலெனா அன்ரி,

கிடைத்துவிட்டது. தொலைந்தே போனது என்று நீங்கள் நம்பியிருந்த அந்தச் சதுரங்க ஆட்டம், நாற்பத்தொரு நகர்த்தலும் முழுதாக, என் கையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பார்மசியில் ஒரே ஆளை மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

இணையத்தில் இதை வாசிக்கிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த நீங்கள், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் செக் நாட்டின் பெண்கள் சதுரங்கச் சாம்பியன். மூன்று தரம் பட்டம் வென்றவர். மூன்றாம் தரம், கடைசிச் சுற்றுக்கு முன் ஓர் அதிகாரி வந்து தோற்றுவிடச் சொன்னார். உங்கள் தம்பி எல்லை தாண்டி ஓடியிருந்தார். அப்படியான குடும்பத்துப் பெண்ணை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்ப அவர்களுக்கு விருப்பமில்லை.

எதிரே இருந்தது உங்கள் தோழி ஹனா. நீங்கள் வென்றீர்கள். பட்டம் தந்தார்கள், பாஸ்போர்ட் தரவில்லை. அடுத்த வருடம் போட்டிப் பட்டியலில் உங்கள் பெயரே இல்லை. இருபத்தாறு வயதில் எல்லாம் முடிந்தது. பிறகு கனடா, தையல் தொழிற்சாலை, சனிக்கிழமைகளில் என்னோடு ஆட்டம்.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்ததைக்கூட நீங்கள் பெரிதாகச் சொன்னதில்லை. ஹனா சிநேகிதத்துக்காக விட்டுக்கொடுத்தாள் என்று அங்கே கதைத்தார்களே, அதுதான் உங்களை அரித்தது. "வசந்தி, அவள் எனக்குப் பிச்சை போட்டிருந்தால்?" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

நீங்கள் காலமானபிறகு உங்களைப் பற்றி இணையத்தில் நான் எழுதிய குறிப்பை ஹனாவின் மகள் பிராக்கிலிருந்து வாசித்திருக்கிறார். காலமான தாயின் மேசை இழுப்பு லாச்சியில் இருந்த, ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பினார். சனிக்கிழமை அதை லைப்ரரிக்குக் கொண்டுபோய், அங்கே கூடிச் சதுரங்கம் ஆடுகிற எங்களில் நன்றாக ஆடுகிற சிவா அண்ணையோடு பலகையில் வைத்துப் பார்த்தேன். இருபத்தொன்பதாவது நகர்த்தலில் ஹனா ஒரு குதிரையைப் பலி கொடுத்துப் பொறி வைத்திருந்தார். சிவா அண்ணை நிமிர்ந்தார்.

"இது விட்டுக்குடுக்கிற ஆளின்ரை ஆட்டம் இல்லை, தங்கச்சி. அவ வெல்லத்தான் வந்திருக்கிறா."

நீங்கள் அந்தப் பொறியில் விழவில்லை. ஒன்பது நகர்த்தல் கழித்து உங்கள் ராணியையே கொடுத்து வென்றீர்கள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள் அன்ரி. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது.

தாளின் அடியில் ஹனா ஒரு வரி எழுதியிருக்கிறார். மகள் மொழிபெயர்த்துத் தந்தார்: "என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். அவள் என்னைவிட நன்றாக ஆடினாள்."

ஏன் இதை அவர் உங்களுக்கு எழுதவில்லை? பயமா? வெட்கமா? இனி யாரிடம் கேட்பது?

நீங்கள் எத்தனை தரம் சொல்லியும் நான் போட்டிப் பக்கம் போனதில்லை. அடுத்த மாதம் ஒஷாவாவில் நடக்கிற போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், முதல் தரம். வெல்வேன் என்று சொல்லமாட்டேன். எதிரே யார் இருந்தாலும் ஹனா உங்களோடு ஆடியதுபோல் ஆடுவேன், அது சத்தியம்.

உங்கள் பெறாமகள்,
வசந்தி