இஸ்திரி அறையில் மாமாவும் நானும்

திங்கட்கிழமை

என் வீட்டு மேலதிகாரி அம்மாவுக்கு, முதியோர் இல்லத்துச் சமையல்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது.

நான் சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் தூங்க மாட்டாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வார்த்தைக்கே நீ அழ ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தை யாருக்குக் கேட்கும்? எழுதிக் கொடுத்தால் மேட்ரன் அம்மா படம் பிடித்து மகள் போனுக்கு அனுப்பிவிடுவார். என் கையெழுத்தைப் பார்த்து மகள் சிரித்தால் சிரிக்கட்டும். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சிரிப்பு நல்லதுதான்.

உன் அப்பாவை நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? தையல் ஆறும்வரை அங்கேயே வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தோம். இப்போது அரசாங்கம் புது உத்தரவு போட்டிருக்கிறது. கொரோனாக்காரர்களுக்குப் படுக்கை வேண்டுமாம். அதனால் இல்லங்களிலிருந்து போன வயசானவர்களை அந்தந்த இல்லமே உடனே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முடியாது என்றும் சொல்லக் கூடாது.

மேட்ரன் அம்மா எங்களைச் சாப்பாட்டு அறையில் தள்ளித் தள்ளி நிற்கவைத்து இதைப் படித்தார். ஆயா வேலை பார்க்கிற ஒல்லிப் பெண், குச்சி என்று நான் கூப்பிடுவேனே, அவள்தான் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, உங்க மாமாங்கிறதால சொல்லல. உள்ள இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்குச் சும்மாவே மூச்சு வாங்குது. ஒருத்தருக்கு வந்துச்சுன்னா அத்தோட நிக்காதுண்ணே."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாமாவைத் தவிர வேறு யாராக இருந்தாலும் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவை நான் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலுக்குக் கட்டில் இருமல். அங்கே விட்டால் இவருக்கு ஒட்டும். இங்கே கொண்டுவந்தால் இவர் மூலமாக மற்றவர்களுக்கு ஒட்டலாம். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து இன்றைக்குச் சாப்பாட்டில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அவ்வளவு பயம்.

அந்த உத்தரவிலேயே ஒரு வழி இருந்தது. தனி அறை இருந்தால் தனியாக வைக்கலாம், பார்த்துக்கொள்ள ஒரே ஆள், அந்த ஆளும் தனிமை நாட்கள் முடியும்வரை வெளியே கலக்கக் கூடாது. காலி அறை எங்கே இருக்கிறது? துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னால் இஸ்திரி அறை ஒன்றுதான். அதற்கு முற்றத்தைப் பார்த்து ஒரு கதவு, ஒரு ஜன்னல். அறை சரி, ஆள் யார் என்று மேட்ரன் அம்மா கேட்டதும் எல்லோரும் குனிந்து தரை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

இந்தச் சமையல்காரனுக்கு எப்போது வீரம் வந்தது என்று யோசிக்காதே. உன் அப்பாவைக் கேலி செய்ய இப்படி ஒரு வாய்ப்பு இனி கிடைக்குமா? எழுந்து அடிக்க வர முடியாதே அவரால்.

நீ கிளம்பி வருகிற வேலை வேண்டாம். வந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு வந்து கேட்டைப் பார்த்து என்ன செய்வாய்? பேத்தி நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டியவன்

சனிக்கிழமை

இஸ்திரி அறைத் துரை தன் துரைசாணிக்கு எழுதுவது. நீங்கள் மூன்று தலைமுறைப் பெண்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உள்ளே இருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்பதால் இந்தக் காகிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடிப்பேன். மேட்ரன் அம்மா அந்தப் பக்கம் நின்று படம் எடுப்பார். ஆகவே அவரைப் பற்றி இதில் நல்லதாக மட்டும்தான் எழுதுவேன். தங்கமான மனுஷி.

உன்னிடம் மறைக்கப் போவதில்லை. முதல் இரண்டு நாள் நான் மிரண்டுபோனேன். உன் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் என் நெற்றியைப் பார்க்கிறார். கரண்டியைக் கொண்டுபோனால் தட்டிவிடுகிறார். மாத்திரையைக் கொடுத்தால் துப்புகிறார். கூட்டிவந்த ஆம்புலன்ஸ்காரர்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுகாதார ஆபீசரும் வந்தார். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக், கண் மட்டும்தான் தெரிந்தது. வாசலில் நின்றபடி பேர் என்ன, இது என்ன மாசம் என்று கேட்டார். மாமா சுவரைப் பார்த்தபடி கிடந்தார். ஆபீசர் மேட்ரன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். புத்தி தெளிவில்லாதவர்களை, உடம்பு மோசமானாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக் கூடாதாம். ஆக்சிஜன் சிலிண்டரும் கிடையாதாம். இருக்கிற இடத்திலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்பதுதான் இப்போதைய முறையாம். நிம்மதியாக என்ற வார்த்தையை இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் முற்றத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வெளியே வந்து மாஸ்க்கை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். எனக்கு ஆற்றாமை. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன், "படுத்த படுக்கையிலயும் இந்த மாமனார் முறுக்கு குறையுதா பாரு" என்று. என் காதுக்கே சரியாகக் கேட்டிருக்காது. உள்ளே இருந்து இடி மாதிரி ஒரு சத்தம்: "யாருக்கு முறுக்கு, மாப்பிள்ளை? எனக்கா, உங்களுக்கா?"

துணி காயப்போடுகிற கம்பியில் போய் முட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் புரிந்தது. மனுஷருக்குக் காது கேட்காது! காலமெல்லாம் நெசவு மில்லில் தறிச் சத்தத்துக்குள் நின்றவர். அங்கே யார் பேசினாலும் கேட்காது, ஒருவர் வாயைப் பார்த்துத்தான் மற்றவர் புரிந்துகொள்வார்களாம். காது போனதை யாரிடமும் சொல்லாமல் அந்தப் பழக்கத்திலேயே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். ஊர் முழுக்க மாஸ்க் போட்டதும் அவருக்கு எல்லோருமே ஊமையாகிவிட்டார்கள். கண் மட்டும் தெரிகிற ஆட்கள் வந்து வந்து குத்துகிறார்கள், புரட்டுகிறார்கள், என்னவோ ஊட்டுகிறார்கள். நானாக இருந்தால் கரண்டியைத் தட்டியிருக்க மாட்டேன், ஆளையே தட்டியிருப்பேன்.

உனக்கு இது தெரியும்தானே, கள்ளி? அவருக்கு எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்துத்தான் நீ எப்போதும் பேசுவாய். நான் அதை மரியாதை என்று நினைத்து, நம் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் நான் அடித்த அத்தனை கேலியும் வீண். ஒன்றுகூட அவருக்குக் கேட்கவில்லை. பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நானாக நினைத்து உருகியிருக்கிறேன்.

இப்போது எங்கள் குடித்தனம் எப்படி நடக்கிறது தெரியுமா? கிட்டே இருக்கும்போது மாஸ்க்கை எடுக்கக் கூடாது. அதனால் வெளியே ஓடி, ஜன்னலுக்கு எதிரே நின்று மாஸ்க்கை இறக்கி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்பேன். அவர் தலையாட்டுவார். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உள்ளே ஓடி டம்ளரைக் கொடுப்பேன். சூடா, ஆறியதா என்று கேட்க மறுபடி வெளியே. நேற்று அவரே சொன்னார், "மாப்பிள்ளை, எங்க மில்லுல தறி நாடா இப்படித்தான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும், ஆனா அதுக்குத் தொந்தி கிடையாது" என்று. இப்போது சாப்பிடுகிறார். மாத்திரையும் போடுகிறார்.

மேட்ரன் அம்மா ஆபீசருக்குப் போன் போட்டிருக்கிறார். மறுபடி வந்து பார்க்கச் சொல்லி, இல்லையென்றால் நானே உங்கள் ஆபீசில் வந்து உட்காருவேன் என்று மிரட்டியதாகக் குச்சி சொன்னாள். மாமாவுக்கு நேற்றிலிருந்து லேசான இருமல். லேசானதுதான்.

இப்படிக்கு,
தொந்தி உள்ள நாடா

வியாழக்கிழமை

அன்புள்ளவளே,

இன்றைக்குப் பட்டப்பெயர் எதுவும் தோன்றவில்லை. சும்மா அன்புள்ளவள்தான்.

முதலில் நல்ல செய்தி. ஆபீசர் செவ்வாய்க்கிழமை வந்தார். முற்றத்தில் தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கி, மேட்ரன் அம்மா சொன்னபடி ஒவ்வொரு வார்த்தையாக வாயசைத்துக் கேட்டார். மாமா மாசத்தைச் சொன்னார், தேதியைச் சொன்னார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு, "இஸ்திரி ரூம்ல. மாப்பிள்ளை வீட்டுல இருந்தா இதைவிட மோசமா இருந்திருக்கும்" என்றார். ஆபீசர் சிரித்துவிட்டார். இவருக்குப் புத்தி எங்கள் எல்லோருக்கும் சேர்த்து இருக்கிறது என்று சொல்லி, முன்னால் புத்தி தெளிவில்லை என்று எழுதியதை அடித்தார். அன்று மாலையே ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. படுக்கை காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

நேற்று மதியம் மாமாவுக்கு மூச்சு முட்டியது. திடீரென்று எழுந்து உட்காரப் பார்த்தார். கண் இரண்டும் பிதுங்கி, மூக்கில் வைத்த குழாயைப் பிடுங்கப் போனார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை, யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்திருக்கும். நான் ஒரு கையால் குழாயையும் மறு கையால் அவரையும் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஓடி ஜன்னலில் நின்று பேச எனக்கு எங்கே நேரம்? விட்டால் போய்விடுவார். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு முகத்தை அவர் முகத்துக்கு எதிரே கொண்டுபோனேன். "மாமா, என்னைப் பாருங்க. இழுங்க. விடுங்க. இன்னொரு தடவை இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் உதட்டைப் பார்த்துப் பார்த்து மூச்சு விட்டார். எவ்வளவு நேரமோ தெரியாது. குச்சி ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் உன் அப்பா முதலில் என்ன செய்தார் தெரியுமா? கையைத் தூக்கி, என் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைப் பிடித்து, என் மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டார். கல்யாணத்தன்று திருநீறு பூசியதற்கு அப்புறம் அவர் என் முகத்தைத் தொட்டது நேற்றுத்தான்.

ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனையின் முடிவு இன்று காலை வந்து சேர்ந்தது. அவருக்கு இருக்கிறதாம். அவரை அனுப்பிய அன்றே இருந்திருக்கிறது. உத்தரவு போட்டவர்கள்மேல் எனக்கு வருகிற கோபத்தை எழுதினால் மேட்ரன் அம்மா படம் எடுக்கவே கூச்சப்படுவார், அதனால் விட்டுவிட்டேன். முன்கட்டில் மற்றவர்கள் யாருக்கும் இதுவரை காய்ச்சல் இல்லை. இஸ்திரி அறையைத் தாண்டி அது போகவில்லை. அந்த மட்டும் நாம் செய்தது வீணில்லை.

எனக்கும் மூக்கில் பஞ்சை விட்டுப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். உடம்பு கொஞ்சம் காய்கிறது. அடுப்பு முன்னால் நிற்கிற உடம்பு என்றைக்குக் காயாமல் இருந்தது? காலையில் சூப்பில் குச்சி என்ன போட்டாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் சமையலில் இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

இதை எழுத வந்ததற்குக் காரணம் வேறு. நேற்று இன்னொரு உத்தரவு வந்திருக்கிறது. இல்லத்தில் இருப்பவர்களுக்கு உடம்பு மோசமாக இருந்தால் சொந்தக்காரர் ஒருவர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஊரடங்கில் பயணம் செய்ய வழிச் சீட்டும் கொடுக்கிறார்கள். மேட்ரன் அம்மா உன் பேரை எழுதிக்கொண்டார். வேலை செய்கிறவர்களைப் பார்க்கவும் யாராவது வரலாமா என்று சும்மா விளையாட்டாகக் கேட்டு வைத்தேன். உத்தரவில் அப்படி எதுவும் இல்லையாம். வேலைக்காரர்களைப் பற்றி எழுத மறந்துவிட்டார்கள் போல.

மகளுக்கு அவள் மாமியார் துணைக்கு வந்துவிட்டதாகச் சொன்னாயே. அப்படியென்றால் வா. முன்னால் வராதே என்று எழுதியவனும் நான்தான், இப்போது வா என்கிறவனும் நான்தான். அப்பாவைப் பார்க்க என்று மட்டும் சொல்லு, வேறு எதையும் சொல்லிக் குழப்பாதே, விட மாட்டார்கள். முற்றத்தில் வந்து நின்று மாஸ்க்கை இறக்கி அவரோடு நிதானமாகப் பேசு. கண்ணாடி வழியாக எல்லாம் புரிந்துகொள்வார்.

அவரால் தானாக உட்கார முடியாது. அவருக்குப் பின்னால் ஒருத்தன் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்காக நீ எதுவும் தனியாகச் செய்ய வேண்டாம். அவரைப் பார்க்கிற கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கினால் போதும்.

பேத்தி நூறு வயசு இருக்க வேண்டும். அவள் அம்மாவும் அம்மாவைப் பெற்றவளும் கூடவே இருக்க வேண்டும். நாளைக்கே கிளம்பு.

உன் அப்பாவுக்கு மாப்பிள்ளை,
உனக்கு எப்போதும்
நான்