கிணற்றில் படுத்திருந்த பாட்டில்

14.6.2004
பால்வாடிக்கு இன்றும் முட்டை வரவில்லை. பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் கையில் ஒரு பாட்டில்.

குடியை விட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. கிணற்று மோட்டாரையே கழற்றி விற்றுக் குடித்த மனுஷன்.

"குடிக்க இல்ல பவுனு, வளக்க" என்கிறார். குமுளியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் கோஷி முதலாளியிடம் வாங்கினாராம். இவர் ஜீப் ஓட்டுவது அவரிடம்தான். பிரான்ஸில் போர்தோ என்கிற பக்கத்துச் சிவப்பு ஒயின், 1989-ல் அறுத்த திராட்சை. வைக்க வைக்க ருசியும் ஏறுமாம், விலையும் ஏறுமாம். திராட்சைப் பந்தலுக்குக் கம்பி வாங்க வைத்திருந்த பணம் போயே போச்சு.

"குடிக்காதவன்ட்ட இருந்தாத்தேன் இது வளரும்னு முதலாளி சொன்னாக."

ஊரில் ஆம்பளைகள் நிலம் வாங்குகிறார்கள், மாடு வாங்குகிறார்கள். குடியை விட்டவன் பாட்டில் வாங்கி வளர்க்கிற கூத்து வேறு எந்த வீட்டில் நடக்கும்?

15.6.2004
சண்டை ஓய்ந்தது. அதாவது, நான் கத்தி ஓய்ந்தேன்.

பாட்டில் இருட்டில், குளிர்ச்சியில், படுத்தே இருக்க வேண்டுமாம். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கி, காற்றுப் புகுந்து கெட்டுவிடும். கம்பத்து வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? தோட்டத்துக் கிணற்றில், படி இறங்கும் வழியில், மோட்டார் இருந்த பொந்து காலியாகத்தான் கிடக்கிறது. அதைத்தான் இவர் குடித்துவிட்டாரே! அங்கேயே மணல் பரப்பிப் படுக்க வைத்தோம். மேலே ஈரச் சாக்கு.

3.9.2004
தண்ணீர் பாய்ச்சப் போகிற சாக்கில் இறங்கிப் பார்த்தேன். பாட்டில் கழுத்தைச் சுற்றின தகடு கிழியவில்லை, இவர் திறக்கவில்லை. அப்பாடா.

20.1.2005
பார்த்தேன். இருக்கிறது.

8.5.2006
மனசு சரியில்லை. இவர் வர நேரமாகிவிட்டது. முதலாளி வீட்டு விருந்துக்குப் போனவர். வந்ததும், "முதலாளி ஒரு கிளாஸ்ல பழைய ஒயின் ஊத்தி மோந்து பாக்கச் சொன்னாக" என்கிறார். கிட்டப் போய் வாயை மோந்து பார்த்தேன். கட்டின பொண்டாட்டி, திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி. ஒன்றும் இல்லை. வெற்றிலை வாசனைதான்.

இவர் கோபப்படவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, பறித்து வைத்திருந்த பன்னீர் திராட்சையில் ஒன்றை நசுக்கி மோந்தார். "நம்ம பழத்துக்கு ஒரே வாசந்தேன் பவுனு. அதுல முதல்ல பழம் வாசம் வருது, அப்புறம் ஈர மண்ணு, கடைசியில பொகையிலை. ஒண்ணு போயி ஒண்ணு வருது."

இத்தனை வருஷத்தில் ஒரு சரக்கைப் பற்றி இவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. முன்பெல்லாம் ருசி பார்க்கவா குடித்தார்? எனக்கு நிம்மதியா, பயமா? தெரியவில்லை. இரண்டும்தான்.

17.2.2007
பார்த்தேன். சாக்கு காய்ந்திருந்தது, நனைத்துப் போட்டேன். நானும் சேர்ந்து வளர்க்க ஆரம்பித்துவிட்டேன் போல.

26.11.2008
அறுப்புக்கு நிற்கிற பழம். விடாத மழை. பழம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மாமா, இவரைப் பெற்றவர், கருப்பசாமிக்கு வேண்டிக்கொண்டார்: "மழை வெறிச்சா உனக்குச் சீமைச் சரக்கு படைக்கிறேன்யா."

30.11.2008
மழை நேற்றே விட்டுவிட்டது. முக்கால்வாசிப் பழம் தப்பித்தது. சந்தோஷப்பட்டு முடியவில்லை, அதற்குள் இந்தக் கூத்து.

நான் சந்தையிலிருந்து வரும்போது கருப்பசாமி கோயிலில் பூசாரி ஒச்சாண்டி முன்னால் நம் பாட்டில்! மாமா கிணற்றிலிருந்து எடுத்து வந்துவிட்டார். "வெளிநாட்டுச் சரக்கு வீட்லயே கெடக்கையில எதுக்கு ஆத்தா காசு குடுத்து வாங்கணும்?" என்று என்னிடமே கேட்கிறார். பாட்டில் மேலெல்லாம் எண்ணெய், சந்தனம், குங்குமம் எல்லாம் பூசியாகிவிட்டது. சாமிக்கு வைத்ததைத் திருப்பிக் கேட்க யாருக்கு வாய் வரும்?

ஆனால் திறக்க முடியவில்லை! திருகுகிற மூடி இல்லையே, தக்கை. ஒச்சாண்டி பல்லால் கடித்தார், கத்தியால் குத்தினார், தகடுதான் கிழிந்தது. கழுத்தைச் சீவிவிடலாம் என்று அரிவாளை ஓங்கினார். கண்ணை மூடிக்கொண்டேன். மாமாவே தடுத்துவிட்டார், கண்ணாடிச் சில்லு விழுந்த சரக்கைச் சாமிக்கு ஊற்றக் கூடாதாம். ஒச்சாண்டிக்குப் பொறுமை போய்விட்டது: "திருகுற பாட்டிலா வாங்கியாங்கய்யா. சாமி எம்புட்டு நேரந்தேன் காத்துக்கிட்டு நிக்கும்?" கடையிலிருந்து கால் பாட்டில் பிராந்தி வந்தது. கருப்பசாமி திருப்தியாகிவிட்டார். நம் பாட்டில் தப்பித்து வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் இவர் துணியை நனைத்து லேபிளைத் துடைத்தார். ஊறின காகிதம் கையோடு வந்துவிட்டது. வருஷம் போட்டிருந்த பாதி போய்விட்டது. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி உட்கார்ந்த நாட்களில்தான் முன்பு எழுந்து கடைக்குப் போவார். இன்று எழுந்து கிணற்றுக்குப் போய், படுக்க வைத்துவிட்டு வந்து சோறு கேட்டார்.

சோறு போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய் என்று சொல்லிவிட்டேன்.

12.3.2010
திராட்சைப் பந்தல் கல்தூண் நாலு சாய்ந்துவிட்டது. பாட்டிலை விற்றுவிடலாம் என்று இவரே சொன்னார். வேட்டித் துணியில் சுற்றி, மடியில் குறுக்காகப் படுக்க வைத்து, இரண்டு பேரும் குமுளிக்குப் பஸ் ஏறினோம்.

கோஷி முதலாளி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடோ அழகரே, லேபிள் போயல்லோ! இனி வாங்கிச் சேக்குற ஆளு ஒருத்தனும் இதைத் தொடில்லா." ஆறு வருஷம் சாக்கு நனைத்தது இதற்குத்தானா? மாமா மேல் வந்த கோபத்தில் கருப்பசாமியையும் சேர்த்து இரண்டு வார்த்தை மனசுக்குள் திட்டினேன்.

"உள்ளே நன்னாயிருந்தா நீ தந்த காசு நான் தரும். இன்னைக்கு ராத்திரி விருந்தினர் உண்டு. திறக்கட்டே?" என்றார். இவர் தலையாட்டினார். திருகாணி மாதிரி ஒன்றை இறக்கி இழுத்ததும் தக்கை நோகாமல் வந்தது. அடிப்பக்கம் நல்ல ஈரம். கிளாஸில் ஊற்றினார், ஓரமெல்லாம் செங்கல் நிறம். மோந்ததும் முதலாளி முகமே மாறிவிட்டது. "எடா, நீ இது எங்கே வச்சிருந்தே?"

"கெணத்துலங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே இன்னொரு கிளாஸில் ஊற்றி இவர் கையில் கொடுத்துவிட்டார். "காத்துக் கிடந்தவனல்லே, ஒரு வாய்."

வேண்டாங்க என்று கத்த வேண்டும் போல இருந்தது. எட்டு வருஷம்... ஒரு வாய்தானே... ஒரு வாயில்தானே எல்லாம்... இவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி மோந்தார். ஒரு வாய் எடுத்தார். கன்னம் இரண்டும் அசைய வாய்க்குள்ளேயே உருட்டினார். நான் சேலை முந்தியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்து வாசல் பக்கம் போய், செடிக்குள் துப்பிவிட்டு வந்தார்.

"பொகையிலை இருக்குங்க. ஈர மண்ணும் இருக்கு" என்று கிளாஸை மேஜையில் வைத்தார், பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. முதலாளி கைதட்டிச் சிரித்தார். பெரிய பெரிய ருசிக்காரர்களும் இப்படித்தான் துப்புவார்களாம்.

கொடுத்த காசுதான் திரும்பி வந்தது, ஒரு பைசா வளரவில்லை. போகட்டும்.

பஸ்ஸில் கேட்டேன், "ஏங்க, முழுங்காம எதுக்குத் துப்புனீக?"

"ருசி வாயிலதான இருக்கு பவுனு. வயித்துக்கு எதுக்கு?"

குமுளி மலையிலிருந்து லோயர் கேம்ப் இறக்கத்தில் இவர் தோளில் சாய்ந்தது ஞாபகம் இருக்கிறது. எத்தனை வருஷமாயிற்று இப்படித் தூங்கி! கம்பத்தில் இவர்தான் எழுப்பி இறக்கினார்.